இறங்கு பூரான்

கார்த்திகை 16, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை, நாளைக்கும் ஈரச் சேலைதான்.

பள்ளிக்கூடத்துக்குத் தீபத் திருவிழா லீவு. டீச்சர்களுக்கு லீவு இல்லை, பொருட்காட்சியில் டியூட்டி. த.ஆ. (தலைமையாசிரியை) அம்மா லிஸ்ட் போட்டுவிட்டார். எனக்கு விவசாயப் பிரிவு, கால்நடைப் பந்தல், பெயர் பதிகிற வேலை. "நீ கிராமத்துப் பொண்ணு, சாணி நாத்தம் உனக்குப் பழக்கந்தானே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பையும் ஒரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுத வேண்டிய அட்டைகள்: பூசணி. சேனை. ஜப்பான் முறை நெல். வேர்க்கடலை (நாலு ரகம்). புகையில்லா அடுப்பு. மை தீர்ந்துவிட்டது.

மத்தியானம் ஒரு கார்டு. சித்தப்பாவிடமிருந்து, யாரையோ விட்டு எழுதியது. சந்தையில் காளை பிடிக்க வருகிறாராம், நாலு நாள் என் வீட்டில் தங்குவாராம், நான் கூட வர வேண்டுமாம். பதினோரு வருஷத்தில் முதல் கடுதாசி. இரண்டு தரம் படித்தேன். பயத்தில் இல்லை, கோபத்தில்.

வரட்டும்.


கார்த்திகை 17, புதன்

தூறல் விடவில்லை. சி. வந்துவிட்டார். (இனி சி. என்றுதான் எழுதுவேன். முழு உறவும் எழுதக் கை வரவில்லை.) பதினொரு மணி பஸ். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு சுரைக்காய். பதினோரு வருஷத்துக்கு ஒரு சுரைக்காய்!

"நல்லா கீறியாம்மா காமாட்சி?"

"நல்லா இருக்கேன் சித்தப்பா. உள்ள வாங்க."

என்ன மரியாதை, என்ன பணிவு! என் வாயை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசற்படியில் இடறினார். தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பை முக்காலி மேல் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் விட்டார். வீடெல்லாம் தண்ணீர். "கை வழுக்கிடுச்சு" என்றார். வழுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு கண்ணிலும் பாலேடு படிந்த மாதிரி வெள்ளை.

சாப்பிட்ட பிறகு குரலை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கண்ணு கொஞ்சம் மங்கிக்கினு வருது காமு. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. சரோஜாவுக்குத் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. சுழி பாக்கறவனுக்குக் கண்ணு இல்லன்னு தெரிஞ்சா ஒரு நாய் மதிக்காது."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"நீ உங்கப்பன் கூட சந்தை சந்தையா திரிஞ்சவ. உனக்குத் தெரியாத சுழி ஏது? என் பக்கத்துல நின்னு காதுல சொல்லு, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வாராம். எதை வைத்து?

இதை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தாலும் ஒரு தரம் முழுசாக எழுதிவிடுகிறேன், இதுவரை எழுதினதில்லை.

மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கிற இடம்தான் சுழி. எங்கள் பக்கத்தில் சுழி பார்க்காமல் யாரும் மாடு பிடிக்க மாட்டார்கள். முதுகுத்தண்டின் மேல் மயிர் பூரான் மாதிரி நெளிந்து கழுத்துப் பக்கம் ஏறினால் அது ஏறு பூரான். வாங்குகிறவன் குடும்பம் ஏறும். வால் பக்கம் இறங்கினால் இறங்கு பூரான். அந்த வீடு அதோடு போச்சு. சுற்றுவட்டாரத்தில் ஏழு ஊருக்கு சி. சொல்வதுதான் தீர்ப்பு. அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்த மாட்டை அடிமாட்டுக்காரனைத் தவிர யாரும் தொடமாட்டான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு. அப்பா செத்து இரண்டு வருஷம். ஏகாம்பரம் வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்து, பிடித்துப்போய், பூ வைக்க நாளும் குறித்துவிட்டார்கள். சி. ஏகாம்பரம் வீட்டு விசேஷத்துக்கே போய், பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "பொண்ணுக்குப் பின் கழுத்துல எறங்கு பூரான். எங்க அண்ணன் எதனால செத்தாருன்னு நெனைக்கிறீங்க? எங்க வீட்டுப் பொண்ணுதான். ஆனா மனசாட்சின்னு ஒண்ணு கீதில்ல?" அடுத்த தை மாசம் ஏகாம்பரத்துக்கும் சி.யின் பெண் சரோஜாவுக்கும் கல்யாணம். சாம்பார் ரொம்ப நன்றாக இருந்ததாம்.

மாட்டுக்குச் சொல்கிற சொல், எனக்கு. அப்புறம் ஒரு வரனும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். நான் டிரெயினிங் படித்து இங்கே வந்து சேர்ந்தேன்.

இன்றைக்கு அதே மனுஷன் என் கண்ணைக் கேட்டு வந்து நிற்கிறார். சாமிக்குக் கண் இருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வாயாலேயே, அன்றைக்குச் சொன்ன மாதிரியே நாலு பேர் முன்னால், இறங்கு பூரான் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வேண்டும். அதுவரை சுரைக்காய்க் கூட்டு வைத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.


கார்த்திகை 18, வியாழன்

சந்தை. மழை விட்டு விட்டு. சேறு கணுக்கால் வரை, செருப்பு வார் அறுந்தது.

ஒரு ஊரே மாடாக நிற்கிறது. சலங்கைக்காரன், சாட்டைக்காரன், மூக்கணாங்கயிறு விற்கிறவள். எங்கே பார்த்தாலும் துண்டுக்குள் கைகள். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசிக்கொள்வார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயசில் அப்பா என் பாவாடை முனையைப் போட்டு மூடி எனக்கு அந்த விரல் கணக்கைக் கற்றுக்கொடுத்தார்.

சி. என் தோளில் கை வைத்து நடந்தார். பார்க்கிறவர்களுக்கு ஆசி கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும். ஆளாளுக்குக் கும்பிடு. "சுழிக்காரர் வந்துட்டாருப்பா!" அவரும் குரல் வந்த திசையில் தலையாட்டிக்கொண்டு வந்தார்.

பார்த்தது:
செவலை, ஆறு பல், பின்னங்கால் இழுப்பு. வேண்டாம்.
வெள்ளை, கொம்பு சீவி வைத்தது, வயசை மறைக்கிறான். வேண்டாம்.
கறுப்பு. நல்ல மாடு, முட்டும்.

எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னேன். ஒன்றில்கூடப் பொய் இல்லை. அவருக்கு என் மேல் நம்பிக்கை வர வேண்டுமே.

மூன்று மணிக்கு, புளியமரத்தடியில் ஒரு மயிலை, சாம்பல் நிறக் காளை. நாலு பல், இளசு. நெஞ்சு அகலம், குளம்பு கல் மாதிரி, கண்ணில் ஒரு சாந்தம். மழைக்கு முதுகில் சாக்குப் போட்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன்.

இறங்கு பூரான். திமிலுக்குப் பின்னால் ஆரம்பித்து வால் முளை வரைக்கும், வகிடு எடுத்த மாதிரி.

சந்தையிலேயே நல்ல காளை, அந்தக் குறி ஒன்றுக்காகக் காலையிலிருந்து கேட்பாரில்லாமல் மழையில் நிற்கிறது. அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். மூச்சுக்காற்று கையில் சூடாகப் பட்டது.

சி. பல்லைத் தொட்டுப் பார்த்தார். காலைத் தட்டினார். கை முதுகுக்குப் போனது. சாக்கு ஈரத்தில் மயிர் நனைந்து ஒட்டிக் கிடந்தது, விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"முதுகு?" என்றார், என் காதில்.

"சுத்தம்."

ஒரே வார்த்தை. இவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை.

தரகர் நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும். காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துவிட்டு, "பெரியவரே, முதுக ஒரு தபா நல்லா பாத்துக்கினீங்களா? அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றார். சி. ஒரு வார்த்தை, "ஏன், அங்க இன்னா கீது?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. "எனக்கா சொல்ற? நான் பாக்காத சுழியா? நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து பாக்கறேன்யா!"

தரகர் என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன்.

துண்டு போட்டார்கள். கை உள்ளே போனதும் சி.யின் முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. "இவ்ளோ கம்மியா குடுத்துட்டான் மடையன். என் பேர கேட்டதுமே பயந்துட்டான் பாத்தியா?"

"பாத்தேன் சித்தப்பா."

காளையை வீட்டுக்கார அம்மாவின் மாட்டுக்கொட்டகையில் கட்டியாயிற்று. சாக்கை நான் எடுக்கவிடவில்லை. சளி பிடிக்கும் என்று சொன்னேன்.


கார்த்திகை 19, வெள்ளி

வெயில் கொஞ்சம். பெரிய தேர் இன்று. ஊர் முழுக்கத் தலை. வீட்டுக்கார அம்மா: "உங்க சித்தப்பா எவ்ளோ நல்லவரு, பொண்ணு மாதிரி உன்னைத் தேடிக்கினு வந்திருக்காரே." மோர் கொடுத்தேன் அவளுக்கு, வேறென்ன செய்ய.

சாயங்காலம் சி.யைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போனேன். ராட்டினம், மரணக் கிணற்று மோட்டார் சைக்கிள் சத்தம், மிளகாய் பஜ்ஜி வாசனை. மைக்கில் ஒருத்தன் ஓயாமல், "காணாமல் போன குழந்தை பச்சைச் சட்டை." அணைக்கட்டுப் படத்துக்கு முன்னால் சி. ரொம்ப நேரம் நின்று தாடையைத் தடவினார். "நல்ல வெளச்சல்" என்றார். ஸ்டாலில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் சிரித்து வெகு நாளாகிறது.

அப்புறம் என் மேஜை முன்னால் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு உழவுக் காளைப் போட்டி. வேலூரிலிருந்து மாட்டு டாக்டர் வருகிறார். சந்தையில் வாங்கின மாட்டையும் விடலாம்.

"நம்ம காளைக்குக் கெடைக்குமா காமு?"

"கட்டாயம் கெடைக்கும் சித்தப்பா."

இதிலும் பொய் இல்லை. டாக்டர் பல்லைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், வண்டியில் கட்டி இழுக்க விடுவார். சுழியைப் பார்க்கமாட்டார்.

விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா காகிதத்தை விட்டு மேஜை மேல் போகிறது. கையைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். சில்லென்று, எலும்பாக. அப்பா கை மாதிரியே இருந்தது. அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளைக்கும் சொல்லி அனுப்பச் சொன்னார். ஊர் ஆள் ஒருவரிடம் நானே சொல்லி அனுப்பினேன். ஏகாம்பரம் வர வேண்டும். வராவிட்டால் ருசி இல்லை.


கார்த்திகை 20, சனி

வானம் வெளுத்துவிட்டது. நல்ல வெயில். காளையை நானே தேய்த்துக் குளிப்பாட்டினேன். மயிர் உலர்ந்ததும் பூரான் பளிச்சென்று எழுந்தது. சுத்தமான சாக்கு ஒன்று போட்டேன்.

ஏகாம்பரம் பத்து மணிக்கு வந்தார். நெற்றி உச்சி வரை ஏறிவிட்டது. பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. "நல்லா இருக்கியா?" என்று மாட்டைப் பார்த்துக் கேட்டார். இதற்கா இரண்டு வருஷம் தலையணையை நனைத்தேன்? சீ.

பதினொன்றரைக்குப் போட்டி. பந்தலில் எங்கள் பக்கத்து ஊர் ஆட்களே ஐம்பது அறுபது பேர். டாக்டர் பல், குளம்பு, நெஞ்சு எல்லாம் பார்த்தார். நெல் மூட்டை ஏற்றின வண்டியில் கட்டினார்கள். மற்றதெல்லாம் திணறின இடத்தில் மயிலை நின்று யோசித்து, தலையைத் தாழ்த்தி இழுத்துக்கொண்டு போனது. முதல் பரிசு. இரும்புக் கலப்பை ஒன்று, சான்றிதழ் ஒன்று.

மாலை போட வேண்டும், சாக்கை எடுங்கள் என்றார்கள். எடுத்தேன்.

மாலையைத் தூக்கினவன் அப்படியே கீழே இறக்கினான். அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், இது எறங்கு பூரான்யா!"

"எவன்டா அவன்?" என்றார் சி., சிரித்துக்கொண்டே. அதற்குள் ஏகாம்பரம் ஓடிவந்து முதுகைத் தடவினார். முகம் வெளிறிவிட்டது. "மாமா, இன்னா மாமா இது? வால் வரைக்கும் எறங்குதே! இதையா நம்ம வீட்ல கட்டப் போறீங்க?"

சி. என் கையைப் பிடித்தார். "காமு, நெசமா?"

"நெசந்தான் சித்தப்பா."

"நீ சுத்தம்னு சொன்னியே!"

அந்த நேரம் பார்த்து மைக் பிடிக்கிறவன் வந்துவிட்டான், நான் ஏற்பாடு செய்யவில்லை, அவனாகவேதான். "முதல் பரிசு வாங்கிய பெரியவர், இந்தக் காளையை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று நாலு வார்த்தை சொல்வார்." மேடையில் ஏற்றிவிட்டார்கள். படி தெரியாதே, நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். காதில் சொன்னேன்.

"எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க சித்தப்பா. கண்ணு தெரியலன்னு சொல்றீங்களா, பூரான் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லித்தான் ஆவணும்."

நெற்றியில் வியர்வை. தொண்டையைக் கனைத்தார், அது பந்தல் முழுக்கக் கேட்டது.

"சுழி கிழின்றதெல்லாம்... அந்தக் காலங்க. பூரான் ஏறுனா இன்னா, எறங்குனா இன்னா. ஒண்ணும் பண்ணாது."

"சத்தமா சித்தப்பா. மாப்பிள்ளைக்குக் கேக்கல."

"ஒண்ணும் பண்ணாதுங்க!"

"மாட்டுக்கு மட்டுந்தானா?"

இதை நான் மெதுவாகத்தான் கேட்டேன். மைக் அதையும் எடுத்துப் போட்டுவிட்டது. சி. அந்த வெள்ளைக் கண்களால் என் பக்கம் திரும்பி நின்றார்.

"மாட்டுக்கும் பண்ணாது. பொண்ணுக்கும் பண்ணாது."

விவரம் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். டாக்டரும் தட்டினார். ஏகாம்பரத்துக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மேடைக்குக் கீழேயே வந்து, "நீ சொன்னன்னுதானே என் செவலைய அடிமாட்டுக்குக் குடுத்தேன்? அப்ப அது இன்னாய்யா?" என்று துண்டைப் பிடித்து இழுத்துவிட்டார். விலக்கிவிட நாலு பேர் வந்தார்கள். நான் விலக்கப் போகவில்லை.

சாயங்காலம் பஜ்ஜி வாங்கித் தின்றேன். ராட்டினத்தில் ஏறினேன், தனியாக, இரண்டு தரம். த.ஆ. அம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.


கார்த்திகை 21, ஞாயிறு

வெயில். மலை அடி முதல் உச்சி வரை தெளிவு. தீபக் கொப்பரையை நேற்றே மேலே ஏற்றிவிட்டார்களாம்.

நாளைக்குத் தீபம். சி. தீபம் பார்க்காமலே கிளம்பிவிட்டார், ஊர் ஆட்கள் முகத்தில் விழிக்க முடியவில்லையாம். பரிசு வாங்கின மாடு என்றதும் பயம் போய், ஏகாம்பரம் காளையையும் கலப்பையையும் நேற்றே கொண்டு போய்விட்டார். இவரிடம் ஒரு பேச்சுப் பேசவில்லை.

பஸ் ஸ்டாண்டு. வருகிற பஸ் எல்லாம் கூரை வரைக்கும் ஜனம், போகிற பஸ் காலி. பெஞ்சில் உட்கார வைத்தேன். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ தெரிஞ்சிதான செஞ்ச?"

"தெரிஞ்சிதான் செஞ்சேன்."

மஞ்சள் பையின் காதை முறுக்கினார். பிறகு, "மாடு நல்ல மாடுதான?"

"சந்தையிலேயே நல்ல மாடு."

தலையாட்டினார். என் பக்கம் குனிந்தார். நேற்றைய கோபம் எதுவும் குரலில் இல்லை, ஏதோ எனக்கு நல்லது சொல்கிற மாதிரி.

"ஒண்ணு சொல்றேன் காமு. நீ மனசுல வெச்சிக்கினு கீற, அதான் சொல்றேன். உன் கழுத்துல பூரான் கீதா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் பாக்கவே இல்ல. சரோஜாவுக்கு வேற எடம் அமையல, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அதனால நீ அதப் பத்தி விசனப்படாத."

பாக்கவே இல்லையாம்.

பதினோரு வருஷமாக என் பின் கழுத்தை நான் யாருக்கும் காட்டினதில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று வந்த வீட்டுக்கார அம்மாவைத் துரத்தினேன். கண்ணாடியில் திருப்பிப் பார்த்ததில்லை. பார்த்தால் இருக்கும் என்று பயம். சுழியெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், அது என் கழுத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. இவர் சொன்னார், இருக்கும் என்றே நினைத்துக்கொண்டேன். நேற்று அவ்வளவு பேர் முன்னால் சொல்ல வைத்தேனே, அது கூட, பூரான் இருக்கிறது ஆனால் ஒன்றும் செய்யாது என்றுதானே?

நேற்று அவர் வாயிலிருந்து வாங்கினது போதாது. கொஞ்சமும் போதாது.

அவர் ஊருக்குப் போகிற கீழ்பென்னாத்தூர் பஸ் எங்களுக்கு நேர் எதிரில் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார், ஊர் பேரைக் கூவக்கூட இல்லை. போர்டில் எழுத்து என் கை அகலம்.

"வந்துட்ச்சாம்மா?"

"இல்ல சித்தப்பா."

பஸ் கிளம்பிப் போனது. அடுத்தது மூணு மணி நேரம் கழித்து. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.